நாலு தீவும் ஒரு பொங்கப்பானையும்

உலகத்தில் எந்தக் கடலில் எந்தக் குட்டித் தீவு இருந்தாலும் சரி, அதன் சாப்பாட்டுக்கும் வியாபாரத்துக்கும் தான்தான் பொறுப்பு என்று நம்பிய ஒரே ஆள் எங்கள் காரைக்கால் காலேஜ் ஹாஸ்டலில்தான் இருந்தான். பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று அவனுக்கு உண்டு. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது அந்தப் பேரைக் கூப்பிட்டால் அவனே யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று உட்கார்ந்திருப்பான். எங்களுக்கு அவன் தீவு.

எண்பதுகளின் ஆரம்பம். தீவுக்கு இருந்த ஒரே சொத்து ஒரு டிரான்சிஸ்டர். சினிமாப் பாட்டுக் கேட்கலாம் என்று ஆசையாகப் பக்கத்தில் போய் உட்கார்ந்தால், பசிபிக்கில் தேங்காய்க்கு என்ன விலை என்று சிற்றலையில் துழாவிக்கொண்டிருப்பான். அங்கே குட்டித் தீவு நாடுகளெல்லாம் கூடிப் பேசிப் பொதுவில் ஒரு கப்பல் கம்பெனி வைத்துக்கொண்டதாம். பல தீவுக்கும் சேர்த்து ஒரே யுனிவர்சிட்டியாம். இதைச் சொல்லும்போது டிரான்சிஸ்டரின் சத்தத்தையே குறைத்துவிடுவான். "தனித்தனியா நின்னா பெரிய நாட்டுக்காரன் ஆளுக்கொரு மிட்டாயக் குடுத்துட்டு வேலைய முடிச்சுக்குவான்டா. சேந்து நின்னாத்தான் பேச முடியும்" என்பான். சரி, அதுக்கும் நமக்கும் என்னடா சம்பந்தம் என்று கேட்டு மாட்டிக்கொண்டவன் நான்.

சம்பந்தம் என்னவென்றால், காரைக்காலே ஒரு தீவாம். மூணு பக்கம் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். மாஹே கேரளாவுக்குள்ளே ஒரு தீவு. ஏனாம் ஆந்திராவுக்குள்ளே ஒரு தீவு. பாண்டிச்சேரி இன்னொன்று. நாலுக்கும் சர்க்கார் ஒன்று, ஆனால் ஓர் ஊர்க்காரன் இன்னோர் ஊரை எட்டிப் பார்த்தது கிடையாது. எங்கள் ஹாஸ்டலில் நாலு ஊர்ப் பையன்களும் இருந்ததால் தீவுக்குப் பசிபிக் போகும் செலவு மிச்சமாயிற்று.

முதலில் தின்பண்டத்தில் கை வைத்தான். அதுவரை ஏனாம்காரர்கள் ஆவக்காய் ஊறுகாயை டிரங்குப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். மாஹேக்காரர்களின் நேந்திரங்காய் வறுவல் தலையணைக்கு அடியில் தூங்கும். எங்கள் காரைக்கால் பக்கத்து மண்டபத்தூர்ப் பையன் கருவாட்டை ஒளித்து வைத்திருந்த இடம் மட்டும் மொத்த ஹாஸ்டலுக்கும் மூக்கு வழியாகத் தெரியும். எல்லாவற்றையும் ஒரே மேஜைக்கு வரவழைத்து, இன்று முதல் தீவுகளுக்கு இடையில் சுங்கம் கிடையாது என்று அறிவித்தான். சாயங்காலத்துக்குள் ஆவக்காய் ஜாடி காலி. ஏனாம்காரர்கள் கூட்டமைப்பை விட்டு விலகுவதாகத் தெலுங்கில் சொன்னார்கள், கூடவே வேறு சிலதும் சொன்னார்கள். தீவு அசரவில்லை. எல்லாக் கூட்டமைப்பும் முதல் நாள் இப்படித்தான் இருக்கும் என்றான்.

அவன் சொன்ன பெரிய நாடு எங்கள் மெஸ் கான்ட்ராக்டர். சாம்பார் சரியில்லை என்று பாண்டிச்சேரிப் பையன் போனால் அவனுக்கு மட்டும் ஓர் அப்பளம் கூட விழும். மாஹேக்காரன் போனால் ஒரு மீன் துண்டு. போனவன் வாயை மூடிக்கொள்வான், சாம்பார் அப்படியே இருக்கும். இனி எவனும் தனியாகப் போய்ப் பேசக் கூடாது என்று தீவு சட்டம் போட்டான். நாலு ஊரும் சேர்ந்து தட்டோடு போய் நின்றோம். அடுத்த வாரம் சாம்பாரில் பருப்பைப் பார்த்தோம். கான்ட்ராக்டர் அதை மனசில் வைத்துக்கொண்டார்.

அந்த வருஷம் பொங்கல் லீவுக்கு முன்னால் ஏனாம் சத்யம் மஞ்சள் காமாலையில் விழுந்து எழுந்தான். ரயிலில் அவ்வளவு தூரம் போகக் கூடாது, கடைச் சாப்பாடு தொடக் கூடாது, கஞ்சியும் மோர்ச்சோறும்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். லீவு நாளில் ஒருத்தனுக்காக உலை வைக்க முடியாது என்று கான்ட்ராக்டர் கையை விரித்தார். வார்டனும், ஹாஸ்டலைப் பூட்டப் போகிறேன், பையனை ஏதாவது லாட்ஜில் போடுங்கள் என்றார். சத்யம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். நடக்கவே தெம்பில்லாத பையனை லாட்ஜில் தனியாக எப்படிப் போடுவது?

தீவு வார்டன் அறை வாசலில் போய் நின்றான். "அப்ப நாங்க யாருமே ஊருக்குப் போகல சார். இப்ப எல்லாருக்கும் உலை வைக்கச் சொல்லுங்க." எங்கள் பக்கம் திரும்பி, "கடைசித் தீவு ஏறாம கப்பல் கிளம்பாதுடா" என்றான்.

மாஹேக்காரனுக்கு என்ன, சுலபமாகத் தலையாட்டிவிட்டான். என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். என் ஊர் வரிச்சிக்குடி, பஸ்ஸில் கண்ணசருவதற்குள் வந்துவிடும் ஊர். பொங்கலுக்கு வீட்டுக்கு வராத பிள்ளையை எங்கள் ஊரில் செத்தவர்கள் கணக்கில் எழுதிவிடுவார்கள். ஆனாலும் இருந்தேன். இத்தனை பேரை வெளியே தள்ளி ஹாஸ்டலைப் பூட்ட வார்டனுக்கு வழியில்லை. கான்ட்ராக்டர் சமையலறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டு, என்னதான் கிழிக்கிறார்கள் பார்ப்போம் என்று வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாங்கள் கொல்லையில் செங்கல் வைத்து, பொங்கலுக்கு ஒன்று, சத்யத்தின் கஞ்சிக்கு ஒன்று என்று இரண்டு அடுப்பு மூட்டினோம். பானை பாண்டிச்சேரி, தேங்காய் மாஹே, வெல்லம் ஏனாம், காய்கறி எங்கள் காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரி என்று தீவு பங்கு பிரித்தான். புது அரிசி என் பங்கு. வீட்டுக்குச் சொல்லி அனுப்பியிருந்தேன். அரிசியோடு அப்பாவே சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார்.

அறுவடை போட்டது போட்டபடி கிடக்கிறது, இங்கே என்னடா கூத்து என்று ஆரம்பித்தவர் தீவைப் பிடித்துக்கொண்டார். "நீதான் தலைவனா? ஒன் வீட்ல ஒன்னத் தேட மாட்டாங்களா?"

"அம்மா இல்லைங்க. அப்பா பிரான்சுல வேற குடும்பத்தோட இருக்காரு. நான் எல்லாப் பொங்கலுக்கும் இங்க வாட்ச்மேன் ரூம்லதாங்க இருப்பேன்" என்றான் தீவு, விறகைத் தள்ளிக்கொண்டே.

இத்தனை நாள் கூட இருந்தும் எங்களில் ஒருத்தனும் அவனைக் கேட்டதில்லை. அப்பா மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அடுப்புக்குப் பக்கத்தில் குந்தினார்.

அந்த நேரம் பார்த்துப் பால் நுரைத்து மேலே வந்தது. நாங்கள் கத்துவதற்கு வாயைத் திறந்தோம். தீயைப் பார்த்துக்கொள்ள வைத்திருந்த மாஹே அச்சுதன், ஐயோ பால் வழிகிறதே என்று பதறி ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அடக்கிவிட்டான். பாலைக் காப்பாற்றிவிட்ட பெருமை வேறு முகத்தில். அவன் ஊரில் பாலைப் பொங்கவிட்டால் அடி விழுமாம், பாவம், அவனுக்கு என்ன தெரியும்?

நாற்காலியில் இருந்த கான்ட்ராக்டர் தொடையைத் தட்டிச் சிரித்தார். நாலு ஊர்க்காரன் சேர்ந்தால் நல்ல நாளும் நாசமாகும் என்றார். அப்பா எழுந்தார். அச்சுதனுக்கு அறை நிச்சயம் என்று நினைத்தேன். அவர் சைக்கிளை எடுத்தார்.

"நான் பாலோட வர்ற வரைக்கும் எவனும் பானையத் தொடக் கூடாது."

எந்த வீட்டு மாட்டைக் கறந்தாரோ, நுரை அடங்காத பாலோடு வந்தார். அதற்குள் வார்டன் அடுப்பை அணைக்கச் சொல்லி வந்து நின்றார். அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பால் பொங்கட்டுங்க சார், அப்பறம் பேசுவோம்" என்றார். பொங்கியது. நாலு ஊர்க் குரலில் 'பொங்கலோ பொங்கல்' கத்தினோம். போர்வையைப் போர்த்திக்கொண்டு வந்த சத்யத்துக்குப் பக்கத்து அடுப்புக் கஞ்சியை முதலில் ஊற்றினார்கள். அவன் குடித்து முடிக்கும் வரை நாங்கள் யாரும் இலை போடவில்லை. அதையெல்லாம் நாற்காலியிலிருந்து பார்த்த கான்ட்ராக்டர் சாயங்காலம் தானாகவே சமையலறையைத் திறந்தார். லீவு முழுக்கச் சத்யத்துக்குக் கஞ்சி வந்தது.

தீவு பொருளாதாரப் பரீட்சையில் தேறவில்லை. சிறிய தீவு நாடுகளின் கூட்டுறவைப் பற்றி எழுதச் சொன்னதற்கு ஆவக்காய் ஜாடியைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறான். இப்போது கோட்டுச்சேரியில் மளிகைக் கடை. அங்கேயும் சின்னக் கடைக்காரர்களைச் சேர்த்து ஒன்றாகச் சரக்கெடுக்க வைத்து, மொத்த வியாபாரியின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டிருக்கிறான்.

அடுத்த வருஷத்திலிருந்து பொங்கலுக்கு அவன் எங்கள் வீடு. எப்போதும் தாமதமாகத்தான் வருவான், கடையில் கடைசி ஆளுக்கும் வெல்லம் நிறுத்துக் கொடுத்துவிட்டு. அப்பா இருந்தவரை, தீவுப் பய வந்துட்டானா என்று கேட்காமல் அடுப்பு மூட்டியதில்லை. இப்போது அந்த வேலை எனக்கு. நல்ல நேரம் போகிறதே என்று என் மனைவி ஆண்டுதோறும் சத்தம் போடுகிறாள். போகட்டும். அவன் வந்து சேராமல் எங்கள் வீட்டில் பால் பொங்காது.