ரகசியத்துக்கு மட்டும் எரிந்த விளக்கு

பேச்சைக் கேட்டு வேலை செய்யும் கணினிகளை உருவாக்குவது என் தொழில். இப்போது கூட்டங்களில் அதைப் பற்றிப் பெரிய ஆள் மாதிரி உரையாற்றுகிறேன். ஆனால் நான் செய்த முதல் கணினி செவிடு. அது செவிடு என்பது நேர்முகத் தேர்வு மேசையில்தான் எனக்கே தெரியவந்தது.

யுத்த காலம். கொழும்பு கொட்டாஞ்சேனையில் பிலோமினா அன்ரி வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தேன். படிப்பு முடிந்துவிட்டது. வேலைக் கடிதம் இல்லாவிட்டால், ‘கொழும்பில் ஏன் நிற்கிறாய்?’ என்ற பொலிஸ்காரரின் கேள்விக்குப் பதில் இல்லை. யுத்தம் நடக்கும் வடக்குப் பக்கம், வவுனியாவுக்குத் திரும்பிப் பஸ் ஏறவேண்டியதுதான். ஆகவே, தமிழில் சொன்னால் மேசை விளக்கைப் போட்டு அணைக்கும் கணினி ஒன்றோடு ஒரு கம்பனிக்குப் போக முடிவெடுத்தேன். (வெறும் சான்றிதழ்களோடு போகிறவர்களைப் பார்க்க எனக்குப் பரிதாபமாக இருந்தது.)

கணினியைப் பழக்கக் குரல்கள் வேண்டும். அன்ரியும் மற்ற வாடகைக்காரரும் அக்கம்பக்கத்தாரும் மைக்கின் முன் வந்து உட்கார்ந்தார்கள். அன்ரி முதலில் ஜன்னலைச் சாத்தினார்.

“தம்பி, ‘போடு, போடு’ எண்டு கத்தினா றோட்டில நிக்கிற ஆமிக்காரன் என்ன நினைப்பான்? மெல்லச் சொல்லுவம்.”

“ஓம் அன்ரி, பதிவும் சுத்தமா வரும்,” என்றேன். விஞ்ஞானி அல்லவா!

எல்லோரும் பாதிரியாரின் காதில் பாவசங்கீர்த்தனம் செய்கிற தொனியில் சொல்லிவிட்டுப் போனார்கள். எனக்கு அதில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. வீட்டுக்கு வெளியே நாங்கள் தமிழ் பேசுகிற சத்தமே அதுதான்.

நேர்முகத் தேர்வில் சிங்கள மனேஜர் ஒருவரும், வத்தளையிலிருந்து வரும் அருள்தாஸ் சேரும் இருந்தார்கள். சேர் மாதா கோயில் பாடகர் குழுவில் பாடுபவர்.

“விளக்கைப் போடு,” என்றார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விளக்கு எரியவில்லை. மூன்றாம் தரம் சொன்னபோது பக்கத்து அறைத் தமிழ்க் கிளாக்கர் எழும்பிப்போய்த் தன் அறை லைட்டைப் போட்டார்.

மனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எனக்கு வவுனியா பஸ் கண்ணில் தெரிந்தது. கணினியிடம் குனிந்து, “விளக்கைப் போடு,” என்று மெல்லக் கெஞ்சினேன். எரிந்தது.

“எங்க பதிவு செய்தனீர்?” என்று அருள்தாஸ் சேர் கேட்டார்.

“கொட்டாஞ்சேனையில, சேர். ஜன்னலைப் பூட்டிப்போட்டு.”

அவர் கதிரையை முன்னால் இழுத்தார். பிறகு மேசைக்குக் குனிந்து, மூச்சுக் காற்றிலேயே, “விளக்கை அணை,” என்றார். அணைந்தது.

“பஸ்ஸில போன் வந்தா நானும் இப்பிடித்தான் கதைக்கிறனான்,” என்றார் என்னிடம். மனேஜர் பக்கம் திரும்பி, “மெசினில பிழையில்லை. படிப்பிச்சதைத்தான் படிச்சிருக்கு,” என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

வேலை கிடைத்தது. முதல் கட்டளை, உரத்துப் பேசும் தமிழைப் பதிந்துவருவது. கொழும்பு முழுக்கத் தேடி, கடைசியில் சேரின் பாடகர் குழுவைத்தான் பிடித்தேன். (அதற்குப் பிறகு, இழுத்துப் பாடினால்தான் விளக்கு எரிந்தது. அது வேறு வெட்கக்கேடு.)

இன்றைக்கும் நான் சாப்பிட வரத் தாமதித்தால் மனைவி பிள்ளைகளைத் தடுப்பாள். “கத்தாதேங்கோ. அப்பாவுக்குக் குசுகுசுத்தாத்தான் விளங்கும்.” பிறகு கதவடியில் நின்று, “சாப்பாடு போட்டாச்சு,” என்று ரகசியமாகச் சொல்வாள். நானும் உடனே எழும்பிப் போவேன். வீடே சிரிக்கும்.

பிள்ளைகள் தெருவில் தமிழில் உரத்துக் கத்தும்போது மட்டும் எனக்கு இன்னும் நெஞ்சு திக்கென்கிறது. ஆனால் மெல்லக் கதையுங்கோ என்று ஒருநாளும் சொன்னதில்லை.