வெங்காயத்துக்கு ஒரு அவசரம்

கொழும்பில் கதிரையில் இருந்துகொண்டே எங்கள் ஊர் திரியாயில் வெங்காயம் செய்யலாம் என்று நான் முழுமனதாக நம்பினேன். அதுவும் ஒற்றை விரலால்.

நாற்பத்தொரு வயதில் மென்பொருள் எழுதப் படித்து, கொழும்புக் கம்பனி ஒன்றில் மூன்று மாதத் தகுதிகாண் வேலையும் எடுத்துவிட்டேன். (கூட வேலை செய்த பிள்ளைகள் 'அங்கிள்' என்றார்கள். முதல் நாள், யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று நான் திரும்பிப் பார்த்தேன்.) அப்பா ஒன்றுதான் கேட்டார்.

"தோட்டமோ, கம்பியூட்டரோ? ஒண்டைச் சொல்லு."

"ரெண்டும்தான். இருந்து பாருங்கோ."

கிணற்றடி மோட்டருக்கு சிம் அட்டை போட்ட ஒரு பெட்டியைப் பூட்டினேன். கொழும்பில் நான் தொலைபேசியைத் தட்டினால் திரியாயில் தண்ணீர் பாயும். காலையில் பஸ்ஸில் தொங்கியபடி தட்டுவேன். 'மோட்டர் ஓடுகிறது' என்று பச்சை எழுத்து வரும். எனக்குள், ஏக்கர்க் கணக்கில் பயிர் செய்யும் ஒரு பெரிய கமக்காரன் மீசையை முறுக்குவான்.

வெங்காயம் பிடுங்க ஒரு கிழமை இருந்தது. அந்த நேரம் தண்ணீர் தேங்கி நின்றால் முழுவதும் அழுகிப்போகும். அன்றுதான் வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு என் வேலையைக் காட்டும் நாள். சரிவந்தால் வேலை நிரந்தரம். பேச எழும்பினேன். தொலைபேசி மின்னியது: 'மோட்டர் ஓடுகிறது.' நிறுத்தத் தட்டினேன். ஓடியது. இருபது தரம் தட்டினேன். ஓடிக்கொண்டே இருந்தது. அப்பாவுக்கு எடுத்தேன். அவருடைய தொலைபேசி, நனைந்துவிடும் என்று, எப்போதும் அலுமாரிக்குள்ளேயே கிடக்கும்.

"நான் ஊருக்குப் போகோணும். இப்பவே."

என்னிலும் பத்து வயது இளைய மேலாளர் பதறிப்போனார். "ஆருக்கும் வருத்தம் கடுமையோ, அண்ணா?"

"ஓம். வெங்காயத்துக்கு."

(வாடிக்கையாளருக்கு அதை யார் மொழிபெயர்த்தார்களோ தெரியாது.)

பஸ் கந்தளாய்க் குளத்தைத் தாண்டும்போது, அந்தக் குளத்துத் தண்ணீர் முழுவதும் என் தோட்டத்தில் நிற்பதுபோல இருந்தது. திருகோணமலையில் இறங்கி ஓட்டோ பிடித்தேன். திரியாயில் குதித்தபோது சப்பாத்து கையில், காற்சட்டை முழங்காலுக்கு மேலே, நீந்தவும் ஆயத்தம்.

தோட்டம் காய்ந்து கிடந்தது. அப்பா வரம்பில் குந்தியிருந்தார்.

"என்னடா, லீவோ?"

"அப்பா, மோட்டர் ஓடுது!"

"எந்த மோட்டர்? நீ போய் நாலாம் நாளே வயரைக் கழட்டிப்போட்டன். கொட்டுற மழைக்க தண்ணி விட்டனியெல்லே."

"அப்ப இவ்வளவு நாளும் நான் தட்டினது?"

"பெட்டியில லைட் பத்தினது. தண்ணி நான் மண்ணெண்ணெய் மெசினால இறைச்சனான். இண்டைக்குக் காலமை குரங்கொண்டு ஏறிக் குதிச்சுப் பெட்டியையும் உடைச்சுப்போட்டுது. அதுக்குப் பிறகு லைட் அணையாமல் எரியுது."

"ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

"சொன்னால் வேலையை விட்டுட்டு ஓடி வருவாய் எண்டுதான் சொல்லேல்ல."

இன்றைக்கும் கலியாண வீடுகளில் மச்சான்மார், "மோட்டரை நிப்பாட்டிட்டியோ?" என்று கேட்டுத்தான் எனக்குச் சோறு போடுவார்கள். நானோ, மண்ணை நம்பி வேலையைத் தூக்கி எறிந்தவன் என்றுதான் வெளியில் கதை விடுவேன்.

நடந்தது இதுதான். மறுநாள் காலையே கம்பனி என்னை வேலையால் நிறுத்தியது. வேறு கம்பனிக்கு நான் விண்ணப்பம் எழுதிப் போடவில்லை. அதற்குப் பிறகு இரண்டு போகம் மழையில் அழுகியது. இந்த முறையும் வெங்காயம்தான் நட்டிருக்கிறேன்.