நான் பொட்டு வைத்த சர்டிபிகட்

முதலில் ஒரு மன்னிப்பு. என் கையெழுத்து, காயப்போடப் படங்கில் கொட்டிய மிளகு மாதிரி ஒன்று இங்கே உருண்டு கிடக்கும், ஒன்று அங்கே கிடக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். ஒரு சொல்லை எப்படி எழுதுவது என்று சந்தேகம் வந்தால் அந்தச் சொல்லை விட்டுவிட்டு வேறு சொல் தேடுவேன். (அதனால் சில இடத்தில் நான் நினைத்தது ஒன்றும் எழுதியது இன்னொன்றுமாக இருக்கலாம். பொறுத்துக்கொள்ளுங்கள்.)

யட்டவத்தைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டோரில் மிளகும் கராம்பும் காயவைத்துப் புடைப்பது என் வேலை. எனக்குக் கூச்சம் அதிகம். யாராவது வழி கேட்டால்கூட வாயைத் திறக்காமல் கையைக் காட்டுவேன். அப்படிப்பட்டவனுக்கு, பேசுவதையே தொழிலாக வைத்திருக்கும் ஒரு மகள் பிறந்தாள். கௌசல்யா. கெம்பஸ் போய் டிகிரி எடுத்து, மாத்தளை டவுனில் பிள்ளைகளுக்கு இங்கிலிஷ் டியூஷன் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று வருடத்துக்கு முன்னால் வியட்நாமில் ஒரு பள்ளிக்கூடம் அவளைப் போனிலேயே இன்டர்வியூ செய்து, வரச் சொன்னது. அங்கே போய் இங்கிலிஷ் படிப்பிக்க டீச்சிங் சர்டிபிகட் வேண்டுமா, வேண்டாமா என்பதுதான் அன்றைக்கு எங்கள் லயத்து வரிசை வீடுகள் முழுக்கப் பேச்சு. என் மனைவியின் அண்ணன் செல்லையா கட்டாரில் ஒன்பது வருடம் இருந்தவர். அவர்தான் தீர்ப்புச் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு துண்டுப் பேப்பர் கேட்டாங்களா? வாயில இங்கிலிஷ் இருந்தா போதும் புள்ள."

"நீ அங்க பேசினது இங்கிலிஷாண்ணே?" என்றாள் என் மனைவி விஜயா. "போன்ல 'எஸ் போஸ், எஸ் போஸ்'னு மட்டுந்தானே கேட்டுச்சு."

கௌசல்யா சிரிக்காமல் விளக்கினாள். "மாமா, வெள்ளக்காரங்க போனா சில எடத்துல கேக்காம விட்டுருவாங்களாம். நம்ம பாஸ்போர்ட்டோட போனா டிகிரியும் வேணும், அந்த சர்டிபிகட்டும் வேணும். ரெண்டுலயும் கொழும்புல சீல் குத்தணும். அப்பதான் வேல செய்ய பெர்மிட். புரியுதாப்பா?"

நான் தலையை ஆட்டினேன். எனக்குத் தலை ஆட்டுவது சுலபம். பின்னால் வந்த அத்தனை வினையும் அந்த ஆட்டலில்தான் தொடங்கியது.

சனி, ஞாயிறு கண்டிக்குப் போய் அந்தக் கோர்ஸைப் படித்தாள். நூற்றிருபது மணித்தியாலம். படிப்பித்துப் பழக அவளுக்கு ஒரு வகுப்பு வேண்டும். வீட்டில் இருந்த வகுப்பு நானும் விஜயாவும்தான். விஜயா நல்ல மாணவி. நான் கடைசி வாங்கில் உட்கார்கிற ரகம். கௌசல்யா எனக்கு முன்னால் நின்று, "ஹவ் ஆர் யூ?" என்று கேட்பாள். நான் தரையைப் பார்ப்பேன். "அப்பா, தரைக்கு இங்கிலிஷ் தெரியாது. என்னயப் பாருங்க" என்பாள். அப்படியும் பார்க்கமாட்டேன். ஆனாலும் ஆறு மாதம் ஒரு நாள் தவறாமல் வகுப்பில் உட்கார்ந்தேன். அதனால் அந்தச் சர்டிபிகட்டில் எனக்கும் கொஞ்சம் பங்கு இருப்பதாக ஒரு நினைப்பு.

சர்டிபிகட் வந்த அன்று வீட்டில் நான் மட்டும் இருந்தேன். விஜயா கொழுந்து பறிக்கப் போயிருந்தாள். மகள் டியூஷனில். உறையைப் பிரித்தேன். தடிப்பான காகிதம். அவள் பெயர் பெரிய எழுத்தில். கீழே பொன் நிறத்தில் வட்டமாக ஒரு சீல். 'சீல் வேணும் என்றாளே, குத்தியே அனுப்பிவிட்டார்கள். கொழும்புக்குப் போகிற அலைச்சல் மிச்சம்' என்று சந்தோஷப்பட்டேன்.

எங்கள் வீட்டில் புதிதாக எது வந்தாலும் சாமித் தட்டில் வைத்துப் பொட்டு வைப்போம். சைக்கிளுக்கு வைத்தோம். ரைஸ் குக்கருக்கு வைத்தோம். (குக்கரில் வைத்தது இன்னும் போகவில்லை.) மகள் உழைத்து வாங்கிய சர்டிபிகட்டுக்கு வைக்காமல் விடுவேனா? கையைக் கழுவிக்கொண்டு, சந்தனம் குழைத்து, நாலு மூலைக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தேன். சீல்தான் இருப்பதிலேயே முக்கியமான இடமாகத் தெரிந்தது. அதன் நடுவில் பெரிதாக ஒன்று வைத்தேன். கற்பூரம் காட்டினேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவிடாமல் செய்தது கறையான்.

நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் தகரப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்த என் பிறப்புச் சர்டிபிகட்டைக் கறையான் தின்றுவிட்டது. அந்த ஒரு துண்டுப் பேப்பர் இல்லாததால் எனக்கு இருபத்தேழு வயது வரை அடையாள அட்டை கிடைக்கவில்லை. எந்த அரசாங்கக் கந்தோருக்குப் போனாலும், "நீ பொறந்ததுக்கு என்ன அத்தாட்சி?" என்று கேட்டார்கள். நான் அவர்கள் முன்னால் நின்றுகொண்டுதான் இருந்தேன். (அது போதாதாம்.) கூச்சம் பாதி பிறவிக் குணம் என்றால், மீதி அந்தக் கந்தோர்களில் வந்தது.

ஆகவே சைக்கிளை எடுத்துக்கொண்டு யட்டவத்தை டவுனில் போட்டோ கொப்பி எடுக்கிற கொமினிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானாவிடம் போனேன். லேமினேட் பண்ணக் கொடுத்தேன்.

நானா காகிதத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "இது ஒரிஜினலா? ஒரிஜினல பொதுவா யாரும் லேமினேட் பண்ற இல்ல. மகள்கிட்ட ஒருக்கா கேட்டுட்டு வாங்களேன்."

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று அவர் அடுத்துக் கேட்டுவிடுவாரோ என்று எனக்குப் பயம். இங்கிலிஷ் வாசிக்கத் தெரியாது என்று கடையில் நாலு பேர் முன்னால் சொல்லவேண்டி வரும். ஆகவே தலையை ஆட்டினேன். "தடிப்பா உள்ள பிளாஸ்டிக்" என்று மட்டும் சொன்னேன். பொட்டோடு சேர்ந்து அது மெஷினுக்குள் போய், கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு வெளியே வந்தது.

பின்னேரம் கௌசல்யா வந்ததும் இரண்டு கையாலும் நீட்டினேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு அப்படியே கதிரையில் உட்கார்ந்தாள்.

"அப்பா... இது..."

"கறையான் தொடாது புள்ள. தண்ணி பட்டாலும் ஒண்ணும் ஆகாது."

பிறகு, "நல்லாருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கண் கலங்கியிருந்தது. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்தேன்! அந்த மடையனை நினைத்தால் இப்போதும் எழுந்து போய் ஒரு குட்டு வைக்கத் தோன்றுகிறது.

விஜயா வந்து பார்த்த பிறகுதான் விஷயம் எனக்கு விளங்கியது. கொழும்பில் குத்தவேண்டிய சீல் வேறு. அதைக் காகிதத்தில்தான் குத்தலாம். காகிதம் பிளாஸ்டிக்குக்குள் இருந்தது. ஓர் ஓரத்தை பிளேடால் கீறி உரித்துப் பார்த்தாள் மகள். பிளாஸ்டிக்கோடு காகிதமும் உரிந்தது. மாத முடிவுக்குள் எல்லாம் வியட்நாமுக்குப் போய்ச் சேராவிட்டால் அந்த வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

"கேட்டுப் பாப்போம்" என்றாள். கொழும்புக்கு நானும் கூடப் போனேன். வீட்டில் இருந்தால் குங்குமச் சிமிழைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டும்.

சீல் குத்துகிற கந்தோரில் பெரிய கியூ. எங்கள் முறை வந்ததும், கண்ணாடி போட்ட ஒரு மேடம் சர்டிபிகட்டை முன்னும் பின்னும் திருப்பினார். மோந்து பார்த்தார்.

"கராம்பு வாசம் வருதே" என்றார் சிங்களத்தில். "இந்தச் செகப்பு என்ன? யார் இப்படிச் செஞ்சது?"

"நான்தான் மேடம்" என்றாள் கௌசல்யா. "தெரியாம செஞ்சிட்டேன்."

"டீச்சர் வேலைக்குப் போற ஆளுக்கு இதுகூடத் தெரியாதா?"

பின்னால் கியூவில் இரண்டு பேர் சிரித்தார்கள். மகள் தலையைக் குனிந்தாள். என்னிடம் படித்த மாதிரியே தரையைப் பார்த்தாள். அதை என்னால் தாங்க முடியவில்லை.

எனக்கு மெதுவாகப் பேசிப் பழக்கம் இல்லை. ஒன்று பேசமாட்டேன், பேசினால் ஸ்டோரில் புடைக்கிற மெஷின் சத்தத்துக்கு மேலே கத்துகிற கத்துத்தான் வரும். அதுதான் வந்தது.

"நான்தான்! அவ இல்ல! நான்தான் செஞ்சேன்!"

வாசலில் நின்ற செக்கியூரிட்டி ஓடி வந்தார். திறந்த வாயை எனக்கு மூடத் தெரியவில்லை. சிங்களத்தில், அதே சத்தத்தில், பொட்டு, கறையான், தகரப் பெட்டி, இருபத்தேழு வயது, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில், "என்னோட பேப்பர் போன மாதிரி இவளோடது போயிரக்கூடாதுன்னுதான் மேடம்" என்றேன். செக்கியூரிட்டி என்னைப் பிடித்து ஒரு கதிரையில் உட்காரவைத்தார்.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிளாஸ்டிக்கில் சீல் குத்த வழியே இல்லை, ஆனால் படித்த இடத்தில் இன்னொரு பிரதி வாங்கலாம் என்று சொல்லி, என்ன கேட்கவேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தார். பிறகு மகளிடம் மெதுவாக, "புதுசு வந்தா அப்பா கையில குடுக்காதீங்க" என்றார்.

கண்டியில் கேட்டால், புதுப் பிரதி வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். தவணை கேட்டு மறுநாளே கௌசல்யா வியட்நாமுக்கு வீடியோ கோல் எடுத்தாள். நான் அல்மாரிக்குப் பின்னால் நின்றுகொண்டேன். அந்தப் பள்ளிக்கூடத்துத் தலைமை டீச்சரம்மாவிடம் சர்டிபிகட்டைத் தூக்கிக் காட்டி ஏதோ சொன்னாள். அங்கே ஒரே சிரிப்பு. அவர்கள் வீட்டிலும் முன்னோருக்குத் தட்டு இருக்கிறதாம். நல்ல காரியப் பேப்பர் வந்தால் அங்கே வைத்து ஊதுபத்தி கொளுத்துவார்களாம். காத்திருக்கிறோம், அந்த அப்பாவைப் பார்க்கவேண்டும் என்றார்களாம்.

நான் அசையவில்லை. போனிலிருந்து அந்த அம்மா கூப்பிட்டுக் கேட்டார்: "ஹவ் ஆர் யூ?"

ஆறு மாதம் படித்த பாடம். அல்மாரிக்குப் பின்னாலிருந்தே கத்தினேன்: "பைன் தேங்க்யூ மேடம்! அண்ட் யூ?"

கௌசல்யா போனைக் கீழே வைத்துவிட்டு முகத்தை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா என்று இன்னும் சொல்லமாட்டேன் என்கிறாள்.

புதுப் பிரதி வந்த அன்று, அதைப் பிரித்து முடிக்கும் வரை என்னை வாசலுக்கு வெளியே நிற்கவைத்தார்கள். அதிலிருந்து எங்கள் வீட்டுக்கு கரண்ட் பில் வந்தாலும் விஜயா, "குங்குமத்த ஒளிச்சு வைங்க!" என்று கத்துவாள். நானா கடையில் நான் போய் நின்றாலே, "லேமினேட்டா, பொட்டு மட்டுமா?" என்ற கேள்விதான். பிளாஸ்டிக் சர்டிபிகட் இப்போது எங்கள் சுவரில் தொங்குகிறது. சொன்ன மாதிரியே கறையான் தொடவில்லை.

எயார்போர்ட்டில் அவள் உள்ளே போவதற்கு முன்னால் ஃபைலை என்னிடம் நீட்டினாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கவர் மேலதாம்ப்பா. வைங்க" என்றாள். விஜயா கைப்பையிலிருந்து சிமிழை எடுத்தாள். இருவரும் முன்கூட்டியே பேசி வைத்திருந்தார்கள்.

இதையெல்லாம் எழுதச் சொன்னதும் கௌசல்யாதான். "எழுதி முடிச்சுப் படம் எடுத்து அனுப்புங்க. செகப்புப் பேனையால திருத்தி அனுப்புறேன். லேமினேட் மட்டும் பண்ணிராதீங்க" என்றாள். பண்ணவில்லை. நாலு மூலைக்கும் பொட்டு மட்டும் வைத்திருக்கிறேன். இதில் யாரும் சீல் குத்த வேண்டியதில்லையே.

எழுதி முடித்தது: மாசி மாதம், மாத்தளைத் தேருக்கு மறுநாள்.