முப்பத்திரண்டு லைனும் மேல்தொட்டித் தண்ணீரும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உங்கள் அத்தை, மேல்தொட்டி மூவரும் நலம். அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பி விஷயத்துக்கு வருகிறேன்.

போன தடவை வந்தபோது மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்னக் கம்ப்யூட்டரை வைத்து, தண்ணீர் மோட்டாரைக் கவனிக்க அதில் டீமன் என்ற காவல்கார புரோகிராம் ஒன்றை ஓடவிட்டுப் போனீர்கள். "மாமா, இது கண்ணுக்குத் தெரியாது, ஆனா எப்பவும் முழிச்சிருக்கும். நீங்க எது கேட்டாலும் லைப்ரரின்னு சொல்ற இந்தக் குட்டித் தூது புரோகிராம் போய்ச் சொல்லிட்டு, பதிலை வாங்கிட்டு வந்துடும்" என்றீர்கள். நானே ஏழு வரியில் ஒரு புரோகிராம் எழுதினேன். "போடு" என்று தட்டினால் "போட்டாச்சு" என்று பதில் வந்தது. தட்டுவதை வாய்விட்டும் சொல்வேன், அது தொழில் பழக்கம். முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக இருந்தவனுக்கு ஓய்வுக்குப் பிறகு மறுபடியும் ஒரு லைன் கிடைத்தால் சும்மா இருப்பானா? தேவை இருக்கிறதோ இல்லையோ, மணிக்கு நாலு தடவை தொட்டியில் எவ்வளவு தண்ணீர் என்று விசாரித்தேன்.

வினை அங்கேதான். பேசுகிறவர் போனை வைக்கும்வரை ஆபரேட்டர் லைனை வெட்டக் கூடாது என்பது எங்கள் எக்ஸ்சேஞ்ச் சட்டம். அதே மரியாதையை டீமனுக்கும் கொடுத்தேன். கேட்டேன், பதில் வாங்கினேன், அது முதலில் வைக்கட்டும் என்று இணைப்பைத் திறந்தே விட்டேன். நீங்கள் வளர்த்த பிள்ளையாயிற்றே, மாமா முதலில் வைக்கட்டும் என்று அதுவும் காத்திருந்தது. இப்படியே அதற்கு மொத்தமே இருந்த முப்பத்திரண்டு லைனும் நிரம்பி, வியாழக்கிழமை மோட்டார் ஓடும்போது "நிறுத்து" என்கிறேன், "இடமில்லை" என்கிறது! தொட்டி வழிந்து, ஜன்னல் வழியாக இறங்கி, கீழ்வீட்டுத் தையல்காரர் இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த பன்னிரண்டு சீருடையும் நனைந்தன. உங்கள் அத்தை ஓடிவந்து சுவரிலிருந்த பழைய சுவிட்சைத் தட்டி நிறுத்தினாள். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா இந்தப் பெட்டி பழைய இரும்புக்காரனுக்குத்தான். நீங்களும் பின்னாடியே போயிடலாம்" என்றாள்.

பெட்டி போய்விட்டால் காலையிலிருந்து சாயங்காலம்வரை நான் யாரோடு பேசுவேன்? லைப்ரரியோடு நீங்கள் வைத்த குறிப்பை முதல் தடவையாகக் கடைசிவரை படித்தேன். வேலை முடிந்ததும் இணைப்பை மூடவும் என்று கொட்டை எழுத்தில் இருந்தது. மனசில்லாமல்தான் எட்டாவது வரியை எழுதினேன்.

அதற்குப் பிறகு பத்து நாள், ஒரு சொட்டு வழியவில்லை. "போடு" என்றால் ஓடுகிறது, "நிறுத்து" என்றால் நிற்கிறது. சில சமயம் அரை நிமிடம் தாமதம், அவ்வளவுதான். யானைக்கும் அடி சறுக்கும், ஆனால் யானை எழுந்துவிட்டது. ஆகவே நீங்கள் எதையும் பார்க்க வரவேண்டாம், சாப்பிட மட்டும் வாருங்கள்.

மகளுக்கு என் அன்பு. இருவரும் குறைவில்லாமல் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் மாமா

பின்குறிப்பு: இதை உங்கள் அத்தையிடம் வாசித்துக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வியாழக்கிழமையே பெட்டியிலிருந்து மோட்டாருக்குப் போகும் வயரைக் கழற்றிவிட்டாளாம். பத்து நாளாக என் குரலைக் கேட்டுச் சுவிட்சைப் போட்டதும் நிறுத்தியதும் அவள்தான். அரை நிமிடத் தாமதம், ஈரக்கையைத் துடைக்கும் நேரம்.

"ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க சந்தோஷமா பேசிட்டிருந்தீங்க. கெடுப்பானேன்னு விட்டுட்டேன். இப்ப வயரை மாட்டிடட்டுமா?"

வேண்டாம் என்றேன். நீங்கள் வரும்போதும் அதைத் தொடாதீர்கள், மாப்பிள்ளை.