வாய் வராத பாஸ்வேர்டு

மலைமேல் சில ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில் எதை வேண்டுமானாலும் களவாடலாம். காயப்போட்ட மிளகைக் களவாடலாம். பலாப்பழத்தை மரத்தில் தொங்கும்போதே களவாடலாம். ஆனால் தன் வீட்டு வைஃபை பாஸ்வேர்டை மட்டும் எவனும் தொட முடியாது என்று அர்த்தனாரி மார்தட்டிக்கொண்டிருந்தார். பெருமை நியாயமானதுதான். இன்றைக்கு அவராலேயே அதைத் தொட முடியவில்லை.

மூன்று மணிக்கு அவர் மகள் யமுனா கோயம்புத்தூரில் பட்டம் வாங்கப் போகிறாள். வெறும் பட்டமில்லை, தங்க மெடல். அப்பனும் ஆத்தாளும் நேரில் போய் முன் வரிசையில் உட்கார வேண்டியது. அர்த்தனாரி அதற்கென்றே புதுச் செருப்பு வாங்கி வீட்டுக்குள்ளேயே நடந்து பழகிக்கொண்டிருந்தார். மழை கெடுத்துவிட்டது. கொண்டை ஊசி வளைவில் மண் சரிந்து பஸ் நின்றுபோனது. போகட்டும், விழாவை இன்டர்நெட்டில் அப்படியே காட்டுகிறார்களாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டவர், மலைமேலேயே இருக்கும் செம்மேட்டுக்குப் போய்ப் பெரிய டிவி ஒன்றை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

வந்தவர் சும்மா இருந்தாரா. பார்க்கிறவரையெல்லாம் கூப்பிட்டார். மனைவி அம்சவேணியும் தன் பங்குக்குப் போய்க் கூப்பிட்டாள்.

"எங்கூட்டுல அவங்க டிவி வாங்கியிருக்காங்க. மத்தியானம் வந்துருங்க."

ஆக, ஊரே வரப்போகிறது. சுவரில் டிவி மாட்டியாயிற்று. கலர் கலராகப் படம் வந்தது. அப்புறம் அந்த டிவி வெகு மரியாதையாக ஒரு கேள்வி கேட்டது: பாஸ்வேர்டு என்ன?

அர்த்தனாரி ரிமோட்டைத் தூக்கினார். தூக்கின கை அப்படியே நின்றது.

இதைப் புரிந்துகொள்ள நீங்கள் போன தை மாதத்துக்குப் போகவேண்டும். அப்போதுதான் அந்த வீட்டுக்கு இன்டர்நெட் லைன் வந்தது. லைன் மாட்ட வந்தவர் பாஸ்வேர்டு என்ன வைக்கலாம் என்று கேட்டதும், அர்த்தனாரி அவரை டீ குடிக்க அனுப்பினார். அம்சவேணியை மாட்டுக்கொட்டாய்க்கு அனுப்பினார். நாயைக்கூட வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, யமுனாவின் பழைய லேப்டாப்பில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஒரு பாஸ்வேர்டை வைத்தார். வெளியே வந்தபோது மனுசனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"அம்சா, இந்தப் பாஸ்வேர்டை நீயே கண்டுபுடிச்சாலும் சரி, உன்னால ஒருத்தருகிட்டயும் சொல்ல முடியாது. அப்படி ஒண்ணு வெச்சிருக்கறேன்."

"அப்படீங்களா," என்றாள் அம்சவேணி. மரவள்ளிக் கிழங்கை நறுக்கிக்கொண்டிருந்தவள் தலையைக்கூட நிமிர்த்தவில்லை.

அவருக்குப் பயமெல்லாம் பக்கத்து வீட்டு ராசப்பனைப் பற்றி. ராசப்பன் அம்சவேணிக்கு ஒன்றுவிட்ட அண்ணன். அவருக்குச் சொன்னால் அவர் மனைவி கண்ணாயிக்குச் சொன்ன மாதிரி. கண்ணாயிக்குச் சொன்னால் ஊருக்கே மடை திறந்துவிட்ட மாதிரி. அதனால் ராசப்பன் கேட்டபோதெல்லாம், "வெளிய சொல்லக் கூடாதுன்னு கம்பெனிக்காரங்க சத்தியம் வாங்கிட்டுப் போயிட்டாங்க மச்சான்" என்று சொல்லித் தப்பித்துவந்தார். ராசப்பனும் கொஞ்ச நாளில் கேட்பதை விட்டுவிட்டார். அர்த்தனாரி அதைத் தன் வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட பாஸ்வேர்டு இப்போது அவர் மண்டைக்குள் எங்கேயோ போய்ப் படுத்துக்கொண்டது. அந்த வீட்டில் அது தெரிந்த ஒரே போன், அவருடைய போன், போன வாரம் ஆற்றோடு போய்விட்டது. அம்சவேணியிடம் இருப்பது பட்டன் போன். "உனக்கு எதுக்குப் பெரிய போன்" என்று அதோடு நிறுத்தியவரும் அவரேதான். அதிலும் மழைக்கு டவர் இல்லை. லேப்டாப்பில் இன்டர்நெட் வருகிறது. ஆனால் திரையில் மேல்பாதி கருப்படித்துப் போயிற்று, சத்தமும் வராது. ஊரையே கூட்டி வைத்துக்கொண்டு யமுனாவின் காலை மட்டுமா காட்ட முடியும்?

"செவலைன்னு போட்டுப் பாருங்க," என்றாள் அம்சவேணி, உதட்டோரச் சிரிப்பை மறைத்துக்கொண்டு. செவலை அவர் ஆசையாக வளர்த்த காளை.

போட்டார். தவறு என்றது டிவி.

"அறப்பளீஸ்வரர் பேரைப் போடுங்க."

ரிமோட்டில் ஒவ்வொரு எழுத்தாக நகர்த்தி அத்தனை நீளப் பேரையும் போட்டார். தவறு.

"சாமி பேரையே தப்புங்குது," என்று அர்த்தனாரி முனகினார். "என்ன டிவியோ."

"உங்களுக்கு ஒலகத்துலயே ரொம்பப் புடிச்ச பேரு எதுங்க?"

அர்த்தனாரி யோசித்தார். மனைவியைப் பார்த்தார். இப்பேர்ப்பட்ட நேரத்திலும் அவருக்கு மனசு இளகியது. மெதுவாக அம்சவேணி என்று போட்டார்.

தவறு.

"அது இருக்காதுன்னு எனக்குத் தெரியுமே," என்றாள் அம்சவேணி.

நேரம் ஆகிக்கொண்டிருந்தது. வெளியே மேகம் இறங்கி எதிர் மேடே தெரியவில்லை. அந்த வெள்ளைக்கு அந்தப் பக்கம், மலைக்குக் கீழே, எங்கேயோ ஒரு பெரிய மண்டபத்தில் தன் மகள் கருப்பு அங்கி மாட்டிக்கொண்டு காத்திருக்கிறாள் என்று நினைத்தார் அர்த்தனாரி. ஊர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். அவள் மேடை ஏறுவதைப் பார்க்க முடியாமல் போனால் இந்த ஜென்மத்துக்கு ஆறாது. அந்த வேகத்தில் வைஃபை பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றித் திருப்பினார்.

"அம்சா, ஒரு ஊக்கு குடு. இதுக்குப் பின்னால ஒரு ஓட்டை இருக்குது. குத்துனா பழைய பாஸ்வேர்டு அழிஞ்சிருமாம்."

அம்சவேணி ஊக்கைக் கொடுக்கவில்லை. சேலையில் இருந்த ஊக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள்.

"குத்தாதீங்க. பாஸ்வேர்டு மட்டும் அழியாது, லைன் வெவரமும் சேந்து அழிஞ்சுரும். அப்பறம் கம்பெனி ஆளு மலையேறி வந்தாத்தான் ஆச்சு. ரோட்டுல மண்ணு கெடக்குது, எப்படி வருவாரு?"

அர்த்தனாரி பெட்டியோடு அவள் பக்கம் திரும்பினார்.

"உனக்கு இதெல்லாம் யாரு சொன்னாங்க?"

"யமுனா லீவுக்கு வந்தப்ப சொல்லிக் குடுத்தா. நீங்க பெட்டிய மாட்டுங்க. பாஸ்வேர்டு எங்கயும் போகல. லேப்டாப்புக்குள்ளயேதான் இருக்குது."

"லேப்டாப்புக்குள்ளயா?"

"நீங்கதானே அதுல அடிச்சீங்க? அது மறக்காதுங்க. மனுசங்கதான் மறப்பாங்க."

லேப்டாப் உள்ளறையில் இருந்தது. பாட்டரி செத்துப்போனதால் சுவரை விட்டு அதை நகர்த்த முடியாது. அர்த்தனாரி ரிமோட்டோடு டிவிக்கு முன்னால் காவல் நின்றார். உள்ளேயிருந்து அம்சவேணியின் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது.

"கீழ வலது மூலையில விசிறி மாதிரி ஒண்ணு இருக்குதுங்க. அதைத் தட்டி உள்ள போறேன்."

"போ, போ."

"நம்ம லைன் பேரு வந்துருச்சு. அதுக்குள்ள பாதுகாப்புன்னு ஒரு எடம். அதுக்குள்ள போயாச்சு. கருப்புப் புள்ளி புள்ளியா வரிசையா நிக்குது பாருங்க, அதுதான் பாஸ்வேர்டு."

"புள்ளிய வெச்சு என்ன பண்றது?"

"அவசரப்படாதீங்க. கீழ ஒரு சின்னக் கட்டம் இருக்குது. அதைத் தட்டுனா புள்ளியெல்லாம் எழுத்தாயிரும். தட்டட்டுங்களா? நெசமாலுமே தட்டறியான்னு அது ஒருக்காக் கேக்கும். ஆமாங்கோணும்."

அர்த்தனாரிக்கு உடம்பு சிலிர்த்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை, கையில் மயிர் எழுந்து நின்றது. கோயிலில் திரை விலகுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களே, அந்த மாதிரி நின்றார். கிழங்கு நறுக்குகிறாள், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிறாள் என்று தான் நினைத்துக்கொண்டிருந்த மனுசி, கண்ணுக்குத் தெரியாத ஒரு வீட்டுக்குள் ஒவ்வொரு கதவாகத் திறந்துகொண்டு போகிறாள். எந்தக் கதவு எங்கே இருக்கிறது என்று தடுமாறக்கூட இல்லை. அவருக்குத் தன் பெண்டாட்டியின் மேல் பக்தியே வந்துவிட்டது.

"தட்டு," என்றார் மெதுவாக.

உள்ளே ஒரு தட்டுச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு சிரிப்பு.

"வந்துருச்சா?"

"வந்துருச்சுங்க."

"படி."

"அதை நான் படிக்க முடியாதுங்க."

"ஏன், எழுத்து மங்கலா?"

"எழுத்து நல்லாத்தான் இருக்குது. வாய்தான் வராது."

"அம்சா, மணி மூணாகப் போகுது. வெளையாடாத."

"நானெங்க வெளையாடறேன்? நீங்களே வந்து பாத்துக்குங்க."

"டிவி அணைஞ்சுரும். ஒரு காயிதத்துல எழுதியாச்சும் குடு."

"எழுதறப்ப மனசுக்குள்ள சொல்லிப் பாக்கோணுமே. அதுவும் ஆகாதுங்க."

அர்த்தனாரி ரிமோட்டைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். குனிந்து பார்த்தார். கருப்பு விழாத பாதித் திரையில், சின்னச் சின்ன இங்கிலீஷ் எழுத்தில், நடுவீட்டு விளக்கு மாதிரி பளிச்சென்று நின்றது: அர்த்தனாரி.

அப்போதுதான் எல்லாம் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்துப் பெண்களில் அவர் வயதுக்காரர்கள் வீட்டுக்காரர் பேரை வாயால் சொல்வதில்லை. அதில் அம்சவேணி ரொம்பக் கறார். செம்மேட்டு ஆபீசில் "ஊட்டுக்காரரு பேரு என்னம்மா?" என்று கேட்டால் திரும்பி அவரைப் பார்ப்பாள், அவர் மீசையைத் தடவிக்கொண்டு முன்னால் வந்து தானே சொல்வார். அந்த மீசைக்குத்தான் போன தை மாதம் யோசனை உதித்தது. தன் பேரையே வைத்துவிட்டால், இவள் கண்டுபிடித்தாலும் ராசப்பனிடம் எப்படிச் சொல்வாள்? என்ன மூளை என்று தன் முதுகில் தானே தட்டிக்கொண்டார். தட்டிய தட்டில் பாஸ்வேர்டு மறந்துவிட்டது.

"நீங்க வெச்சது நல்ல பாஸ்வேர்டுதானுங்க," என்றாள் அம்சவேணி. "ஓடுங்க, ஆளுக வந்துட்டாங்க."

ஊர் வந்துவிட்டது. ராசப்பனும் கண்ணாயியும் முன்னால் உட்கார்ந்துகொண்டார்கள். அர்த்தனாரி தன் பேரைத் தானே அடித்தார். டிவி கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்தது. அப்புறம் திரை முழுக்க மண்டபம் வந்தது, விளக்கு வந்தது, கருப்பு அங்கிக் கூட்டம் வந்தது.

பஸ் ஏறி வர முடியாத மலை. மேகம் வாசல் வரைக்கும் வந்து நிற்கிறது. அத்தனையையும் தாண்டி யமுனா அவர் வீட்டுக்குள் நடந்து வந்தாள். கண்ணெதிரே மேடையில் ஏறினாள். மைக்கில் ஒரு கணீர்க் குரல் கூப்பிட்டது.

"யமுனா அர்த்தனாரி."

ஊரே டிவியை நெருங்கி உட்கார்ந்தது. மெடல் அவள் கழுத்தில் விழுந்தபோது அர்த்தனாரி அழுதார், மறைக்கவும் இல்லை. திரும்பிப் பார்த்தால், அவர் பேர் காதில் விழுந்ததும் அம்சவேணி பழக்கத்தில் தலை குனிந்திருந்தாள். குனிந்தபடியே கண்ணை மட்டும் தூக்கி மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் மூக்கு நுனியில் தொங்கிக்கொண்டிருந்தது. இவளும் மகளும் இல்லாவிட்டால் தான் ஒரு கருப்புப் புள்ளிதான் என்று அர்த்தனாரிக்குத் தோன்றியது.

விழா முடிந்தது. கண்ணாயி எல்லோருக்கும் பலாச்சுளை கொடுத்தாள். ராசப்பன் மட்டும் குனிந்து போனை நோண்டிக்கொண்டிருந்தார்.

"மாப்ள, கண்ணு மேடையேறுனத அப்படியே படம் புடிச்சு ஆலத்தூரு நாட்டுச் சொந்தத்துக்கெல்லாம் அனுப்பிட்டேன். பாத்துட்டாங்களாமா."

அர்த்தனாரி கடித்த சுளையோடு நிமிர்ந்தார்.

"டவருதான் இல்லியே மச்சான். எப்படி அனுப்புனீங்க?"

"உங்கூட்டு லைன்லதான். வாசப்படி ஏறுனாத் தானாப் புடிச்சுக்குதே."

அர்த்தனாரி சுற்றிலும் பார்த்தார். அங்கே இருந்த அத்தனை போனும் வெளிச்சமாக இருந்தது. மெதுவாக அம்சவேணியிடம் திரும்பினார்.

"சொல்லிட்டியா?"

"இல்லீங்க. யமுனா காட்டுனப்பவே பாத்துட்டேன், ஆனா ஒரு வார்த்தை சொல்லலீங்க."

"ஆமாங்கண்ணா," என்று கண்ணாயி சாட்சிக்கு வந்தாள். "யமுனா லீவுக்கு வந்துட்டுப் போனப்பவே நாங்க பாஸ்வேர்டு என்னன்னு கேட்டமுங்க. அம்சா வாயவே தொறக்கல. முந்தானையில மூஞ்சிய மூடிக்கிட்டு வெக்கப்பட்டுச்சு. ஊட்டுக்காரங்க பேரு தவுர வேற எதுக்குங்க அப்படி வெக்கப்படப் போவுது?"

எல்லோரும் சிரித்தார்கள். மகளின் மெடல் கண்ணுக்குள் இன்னும் மின்னிக்கொண்டிருந்ததால் அர்த்தனாரிக்குக் கோபம் சரியாகப் பிடிக்கவில்லை. ஆனாலும் ஆம்பளைக்கு ஒரு மரியாதை வேண்டாமா. எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டார்.

"இன்னைக்கே பாஸ்வேர்டை மாத்தறேன்."

"மாத்துங்க," என்றாள் அம்சவேணி. "வாங்க, எப்படி மாத்தறதுன்னு நான் காட்டித் தாரேன்."