குரங்கணிக்கு வந்த லினக்ஸ் புரோகிராம்

கோப்பின் பெயரில் ஒரு முக்காற்புள்ளி (:) இருந்தது. விண்டோஸ் அதை ஏற்க மறுத்தது.

குரங்கணியில் வேலுச்சாமியின் ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் அறைகள் மேலொன்று கீழொன்றாக இரண்டு. சூடு கூடினால் போனுக்குச் செய்தி அனுப்பும் இலவச புரோகிராம் ஒன்றின் பெயரை, சூட்டுமானி மாட்டியவன் சொல்லிப் போயிருந்தான். கம்ப்யூட்டரில் தேடினால் அதைக் காணோம். இணையத்தில் கிடைத்தது லினக்ஸுக்காக எழுதியது. ஸ்டோரில் ஓடியது விண்டோஸ். வேலுச்சாமியின் தங்கை மகள் அனுசியா போடியில் வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை பார்ப்பவள். அதை மாற்றியெழுத வந்திருந்தாள்.

"வெரசா முடி ஆத்தா. சூடு ஏறுனா காய் வெளுத்துரும். பச்சை இல்லாட்டி ஏலத்துல எவனும் தொடமாட்டான்."

"ஒரு புள்ளிதான் மாமா மக்கர் பண்ணுது. எடுத்துர்றேன்."

எடுத்தாள். உடனே மேல் அறையில் சூடு என்று திரை சொன்னது. வேலுச்சாமி ஓடிப்போய் அங்கே நெருப்பைத் தணித்தார். உண்மையில் கொதித்துக்கொண்டிருந்தது கீழ் அறை.

அனுசியாவுக்குச் சாப்பாட்டு நினைப்பே போய்விட்டது. எவரோ எங்கேயோ எழுதியது இங்கே வந்து ஏன் இப்படி நடந்துகொள்கிறது?

"கண்டுபிடிச்சிட்டேன் மாமா. ரெண்டு ரூமுக்கும் ஒரே இங்கிலீஷ் எழுத்துதான் பேரு. ஒண்ணுக்குப் பெரிய எழுத்து, இன்னொண்ணுக்குச் சின்ன எழுத்து. லினக்ஸ்ல அது ரெண்டு ஆளு. இங்க ஒரே ஆளு. ரெண்டு ரூமும் ஒரே ஃபைல்ல எழுதுது."

பெயரை மாற்றினாள். செய்தி அனுப்பும் பகுதியையும் விண்டோஸுக்கு ஏற்றபடி திருத்தினாள். வேலுச்சாமி நிம்மதியாக, வேலையாட்களை ஏற்றிவர ஜீப்பில் போடிமெட்டுக்குப் போனார். பாதி மலையிலிருந்து போன் வந்தது.

"ஆத்தா, போனு நிக்காம அலறுது. சூடு சூடுன்னு மெசேஜா கொட்டுது. கொண்டை ஊசியில வண்டிய ஓரங்கட்டிட்டேன். ஸ்டோரு எரியுதா?"

அனுசியா எட்டிப் பார்த்தாள். கீழ் அறையில் சூடு அளவைக் கொஞ்சம்தான் தாண்டியிருந்தது.

"இல்ல மாமா. அறுபதுன்னா அங்க அறுபது செகண்டு. விண்டோஸ்ல அறுபது மில்லி செகண்டு. நிமிஷத்துக்கு ஒருதரம் பாக்க வேண்டியது, கண்ணைச் சிமிட்டாமப் பாக்குது."

"அதுக்கு என்னா செய்யணும்?"

"ஆயிரத்தால பெருக்கணும்."

"மெசேஜையா?"

சாயங்காலம் எல்லாம் ஒழுங்காக ஓடியது. காய் பச்சை மாறாமல் இறங்கியது. வேலுச்சாமி ஒரு காயைப் பிதுக்கி மோந்து பார்த்துவிட்டு அனுசியாவின் தலையைத் தடவினார்.

அப்போது கரண்டு போய் வந்தது. கம்ப்யூட்டர் தானாக உயிர் பெற்றது. எதில் ஓட வேண்டும் என்று கேட்டுக் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள்: மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ்.

அனுசியா பார்த்துக்கொண்டே நின்றாள். டீ கொண்டுவந்த மாமாவின் மனைவி செல்லத்தாய், பழகிய கையால் எட்டிக் கீழ் வரியை அமுக்கினாள்.

"அத்தே, இதுல லினக்ஸ் இருக்கா?"

"என்னா பேரோ. மேல உள்ளதை அமுக்குனாத்தான் சூடு பாக்குற புரோகிராம் வரும்னு மாட்டுனவன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். ஆனா சீட்டு வெளையாட்டு கீழ உள்ளதுலதானே ஆத்தா இருக்கு?"