உரிக்க முடியாத முட்டை

விருத்தாசலம்,
மாசி, 1969.

அன்பும் மரியாதையும் மிகுந்த மைத்துனர் திரு. சாமிதுரை அவர்களுக்கு, ஆதிநாராயணன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

பழமலைநாதர் புண்ணியத்தில் இங்கே நானும் தங்கள் தங்கை கமலமும் கோழிகளும் சௌக்கியம். சேத்தியாத்தோப்பில் தாங்களும் தங்கள் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்புகிறேன் என்பது கடிதத்தில் எழுதுகிற வழக்கம். என் முந்தைய கடிதங்களுக்குத் தாங்கள் பதில் போடாததால் உள்ளபடி சந்தேகத்தில்தான் இருக்கிறேன்.

நிற்க. தாங்கள் சந்தையில் வாங்கி, மூங்கில் கூடையில் போட்டு, மேலே சாக்குத்துணி கட்டி, பஸ்ஸில் அனுப்பிவைத்த சீமைக்கோழிக் குஞ்சுகளின் விஷயமாக ஒரு பெரிய சங்கடம் நடந்து முடிந்துவிட்டது. அதைத் தாங்கள் பிறர் வாயால் கேட்பதற்குள் நானே எழுதிவிடுவது நல்லது. என்னைப் பற்றித் தாங்கள் அறியாததல்ல. பீங்கான் கம்பெனி கேட்டில், வேலை முடிந்து வெளியே போகிறவர்களைச் சோதிக்கிற உத்தியோகத்திலேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். கப்போ சாஸரோ, கட்டைவிரல் அளவு பொம்மையோ கூட என் கண்ணைத் தாண்டிப் போனது கிடையாது. ஓய்வுக்குப் பிறகு சோதிக்க ஆளில்லாமல் போகவே, கமலத்தின் அஞ்சறைப்பெட்டியைத் திறந்து திறந்து பார்க்க ஆரம்பித்தேன். அது பொறுக்காமல்தான் அவள், "அவரு கைக்கு ஏதாச்சும் வேலை குடுண்ணா" என்று தங்களுக்குச் சொல்லியனுப்பி, தாங்கள் குஞ்சுகளை அனுப்பியிருக்கிறீர்கள். இது எனக்குத் தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

கூடையோடு வந்த துண்டுச் சீட்டில் எல்லாம் பெட்டை என்று எழுதியிருந்தீர்கள். அவிழ்த்துப் பார்த்தால் அத்தனையும் ஒரே மஞ்சள், ஒரே கீச்சுக்குரல். எதை வைத்துப் பெட்டை என்று எழுதினீர்கள் என்ற கேள்வி எனக்கு அன்றைக்கே எழுந்தது. கூடைக்குள் பல்பு தொங்கவிட்டுச் சூடு காட்டினேன். நொய்யும் கேழ்வரகும் போட்டேன். கரையான் பிடித்துக் கொடுத்தேன். அதோடு தினமும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துக் கொண்டை வளர்கிறதா என்றும் பார்த்து வந்தேன். ஒன்றுக்கு வளர்ந்தது. ஒரு விடியற்காலையில் அது கூவியும் விட்டது. ஒன்று வெளியே வந்துவிட்டது, மற்றவை வேளை பார்த்துப் பதுங்கியிருக்கின்றன என்று எடுத்துக்கொண்டு, "உங்கண்ணன் சேவலா பாத்துப் பொறுக்கி அனுப்பியிருக்காரு" என்று கமலத்திடம் சொன்னேன். "தங்கச்சியையே உங்களுக்குக் குடுத்தவரு, கோழியிலயா ஏமாத்துவாரு?" என்றாள். மற்றவை எல்லாம் பெட்டைதான் என்பது பிற்பாடு தெரிந்தது. ஆகவே தங்கள் மீதிருந்த சந்தேகத்தை ஒரு சேவலின் அளவுக்கு மட்டும் வைத்துக்கொண்டு மீதியை விலக்கிக்கொள்கிறேன்.

கால்நடை ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோனேன். அங்கே சொட்டு மருந்து விட்டவரிடம், இதில் தண்ணீர் எவ்வளவு, மருந்து எவ்வளவு என்று விசாரித்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னை நன்றாகப் பார்த்தார். "பெரியவரே, இது கோழிக்கு வெள்ளைக்கழிச்சல் வராம இருக்கறதுக்கு. உங்களுக்கு இருக்கற வியாதிக்கு இங்க மருந்து இல்லீங்க" என்றார். ஆனால் ஒரு குஞ்சும் சாகவில்லை. அதையும் எழுதிவிடுவது நியாயம்.

அடுத்து கூண்டு. கம்பெனியில் கப்புகளைச் சூளைக்குள் அடுக்கிவைக்கிற மண்பெட்டிகள் இருக்கின்றன அல்லவா, விரிசல் விட்டவற்றைப் பின்பக்கம் கொட்டி வைப்பார்கள். முறைப்படி கேட் சீட்டு வாங்கி, ஒரு மாட்டுவண்டி நிறைய ஏற்றி வந்து, கொல்லையில் அடுக்கி, மேலே தகரம் போட்டு, முன்னால் கம்பிவலை அடித்து, கதவுக்குத் திண்டுக்கல் பூட்டும் மாட்டினேன். சாவி என் அரைஞாணில். கீரி, பூனை, மனிதர் என்று எந்தத் திருடனும் உள்ளே நுழைய முடியாது என்று திருப்தியாக இருந்தேன். ஆனால் பகலில் திறந்துவிட்டால் கோழிகள் கூண்டுக்குள் எட்டியும் பார்ப்பதில்லை; பூட்டிவைத்தால் முட்டையும் இடுவதில்லை. என் வீட்டுக் கோழி, என் வீட்டுத் தவிடு, ஆம்லெட் வாசனை மட்டும் பக்கத்து வீட்டிலிருந்து வருகிறது.

பக்கத்து வீட்டு சம்சாத் பேகத்தைத் தங்களுக்குத் தெரியும். போன முறை வந்தபோது தங்களுக்குச் சேமியா கொடுத்தனுப்பினார்களே, அவர்கள்தான். ஒருநாள் மதிலுக்கு மேல் தலை தெரிந்தது. "அண்ணே, உங்க கோழிங்க எங்க வூட்டு வைக்கோல்ல முட்டை போடுது. எடுத்து வச்சிருக்கேன், வாங்கிக்குங்க" என்று ஒரு கிண்ணத்தை நீட்டினார்கள். வாங்கிக்கொண்டேன். கிண்ணத்தில் இருப்பவை தெரிகின்றன, கிண்ணத்துக்கு வராதவை எவ்வளவோ என்று யோசித்தபடியே நின்றேன். என் முகத்தைப் பார்த்தே அவர்களுக்குப் புரிந்திருக்க வேண்டும். "நாங்களும் கோழி வளத்தவங்கதாண்ணே. கோழி, முட்டை கெடக்கற எடத்துலதான் முட்டை போடும். நீங்க ஒண்ணு வுடாம தொடச்சி எடுத்தா அதுக்கு எப்படி நம்பிக்கை வரும்? கூண்டுல ஒண்ணை வுட்டு வைங்க" என்றார்கள்.

நல்ல முட்டையை விட்டுவைத்தால் காக்கை கொத்தும், இல்லையென்றால் அழுகும். அப்போதுதான் எனக்குப் பீங்கான் முட்டை என்று ஒரு யோசனை தோன்றியது. ஊர் முழுக்கக் களிமண்ணும் சூளையுமாக இருக்கும்போது ஒரு முட்டைக்கா பஞ்சம்? அச்சுப் பிரிவில் இருக்கும் காத்தவராயனைக் கூப்பிட்டுச் சொன்னேன். நான் கேட்டில் நின்ற காலம் முழுவதும் தினம் தினம் என் முன்னால் சோற்றுத்தூக்கைத் திறந்து காட்டிவிட்டுப் போன மனிதர் அவர். கேட்டதும் சிரித்தார். "ஐயா, தூக்குல ஒட்டியிருந்த பருக்கையைக் கூட கிளறிப் பாத்தவரு நீங்க. இப்ப என்னையவே முட்டை கொண்டாரச் சொல்றீங்களா?"

"மானேஜரைக் கேட்டுக்கிட்டுதான் செய்யேன்யா" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கேட்டால் சந்தேகப்படுவார்கள் என்று நினைத்தேன்.

காத்தவராயன் நிஜ முட்டையை வைத்தே அச்செடுத்து, மிச்சக் களிமண் கரைசலை ஊற்றி, கப்புகளோடு சூளையில் வைத்துச் சுட்டு, பளபளவென்று ஒரு முட்டை செய்துவிட்டார். சோற்றுத்தூக்கில் போட்டுக்கொண்டு கேட்டுக்கு வந்திருக்கிறார். இப்போது அங்கே நிற்பவன் சுப்புராயன், நானே பக்கத்தில் நிறுத்திப் பழக்கிவிட்ட ஆள். தூக்கைத் திறந்தவன், "இன்னாது?" என்றானாம். "அவிச்ச முட்டை. பசியில்ல, திங்கல" என்றாராம் இவர். "அப்படியா, உரி பாக்கலாம்" என்றானாம் அவன்.

மைத்துனர் அவர்களே, அந்தச் சோதனை நான் கற்றுக்கொடுத்தது. எதையும் பார்த்தால் போதாது, செய்துகாட்டச் சொல் என்று நான்தான் சொல்லிவைத்தேன்.

மறுநாள் காலை காத்தவராயனின் மனைவி வீரம்மாள் எங்கள் கொல்லைப்பக்கம் வந்து நின்றாள். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை. "வேலைக்கு வராதேன்னுட்டாங்க ஐயா. யாருக்காக எடுத்தன்னு கேட்டாங்களாம், இவரு வாயே தொறக்கலையாம். வூட்ல சுவத்தைப் பாத்து படுத்துக் கெடக்கறாரு. புள்ளைங்க மொகத்தக்கூட பாக்க மாட்டேங்கறாரு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டாள். என் பெயரைச் சொல்லவில்லையாம். இதைக் கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது என்பதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஏன் சொல்லவில்லை, இதில் என்ன உள்நோக்கம் என்றுதான் தோன்றியது. அதை வாய்விட்டும் சொல்லிவிட்டேன். கமலம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். தங்கள் தங்கை கோபத்தில் சத்தம் போடுகிறவள் அல்ல. "இப்பவே கெளம்பிப் போயி உண்மையச் சொல்லிட்டு வாங்க. இல்லன்னா நான் சேத்தியாத்தோப்பு பஸ்ஸு ஏறிடுவேன்" என்றாள். பிறகு கொல்லைக்குப் போய்ப் பெட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, வாலுக்குக் கீழே விரல் வைத்துப் பார்த்து, ஒன்றைக் கொண்டுவந்து என் கையில் திணித்தாள். "இன்னைக்கு இது முட்டை போடும். கூடவே எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க வாய நம்பலைன்னா கோழிய நம்பட்டும்."

கோழியை அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைத்தெரு வழியாக நடந்தேன். கேட்டில் சுப்புராயன் எழுந்து நின்று வணக்கம் வைத்தான். வைத்துவிட்டு என் பையைச் சோதித்தான், கோழியின் இறக்கைக்கு அடியிலும் சோதித்தான். மானேஜர் பட்டணத்துக்காரர், புதிதாக வந்தவர். நான் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த முட்டையைக் கேட்டது நான், காத்தவராயன் மேல் குற்றமில்லை, தண்டனை எதுவானாலும் எனக்குக் கொடுங்கள் என்றேன். அவர் மேஜைமேல் இருந்த பீங்கான் முட்டையை உருட்டிக்கொண்டே கேட்டார்.

"பெரியவரே, நீங்க நேர்மைக்குப் பேர் போனவர்னு சொல்றாங்க. வேண்டியவனைக் காப்பாத்த இப்படிக் கதை விடலாமா? கோழியை ஏமாத்த பீங்கான் முட்டையா? கோழி என்ன அவ்வளவு முட்டாளா?"

"அது எனக்கே சந்தேகம்தான் சார்" என்றேன்.

வாழ்நாள் முழுக்க ஒருவரையும் நம்பாமல் இருந்தவன், முதல்முறையாக உண்மையைச் சொல்லிவிட்டு நம்பப்படாமல் நின்றேன். என் எதிரே தூக்கைத் திறந்து காட்டியபடி நின்ற முகங்களெல்லாம் இப்படித்தான் இருந்தன என்று அப்போது நினைவுக்கு வந்தது. "செஞ்சு காட்டறேன் சார்" என்றேன்.

சாமான்கள் பெட்டி போடுகிற கொட்டகைக்குப் போனோம். வைக்கோல் பரப்பிய ஒரு மரப்பெட்டியில் பீங்கான் முட்டையை வைத்துக் கோழியைப் பக்கத்தில் இறக்கிவிட்டேன். பெட்டி கட்டுகிற பெண்களெல்லாம் கைவேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். கோழி பெட்டியைப் பார்த்தது. பிறகு மானேஜரைப் பார்த்தது. அவருடைய பூட்ஸைக் கொத்தியது. கொட்டகையைச் சுற்றி உலா போயிற்று. "சரி, போதும்" என்று மானேஜர் திரும்பினார். ஒரு பெண், "சார், சார், கொஞ்சம் இருங்க சார்" என்றாள். கோழி திரும்பி வந்து பெட்டி விளிம்பில் ஏறி, கழுத்தைச் சாய்த்து முட்டையைப் பார்த்து, உள்ளே இறங்கி, மூக்கால் அதைத் தன் வயிற்றுக்கடியில் தள்ளிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. பெண்கள் கைதட்டினார்கள். "இது பழக்கின கோழி" என்றார் மானேஜர். அவர் மீது எனக்கு மிகுந்த மரியாதை ஏற்பட்டது.

பழக்கின கோழியா இல்லையா என்று நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே, அது எழுந்து நின்று ஊரைக் கூட்டுகிற மாதிரி கொக்கரித்தது. பெட்டிக்குள் இரண்டு முட்டை. மானேஜர் இரண்டையும் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார், காதருகே வைத்து ஆட்டினார், கடைசியில் பெட்டி விளிம்பில் ஒன்றைத் தட்டினார். தட்டியது பீங்கான். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காத்தவராயனை நாளையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லி, இனி எதுவானாலும் கேட்டுச் செய்யுங்கள் என்று எச்சரித்து, பீங்கான் முட்டையைச் சீட்டோடு என் கையில் கொடுத்தார்.

கேட்டில் சுப்புராயன் மறித்தான். "ஐயா, வரும்போது ஒரு கோழி. போகும்போது ஒரு கோழி, பீங்கான் முட்டை. அதுக்கு சீட்டு இருக்குது. பையில இருக்கற நெஜ முட்டைக்கு சீட்டு எங்கங்க? அது கம்பெனிக்குள்ள உற்பத்தி ஆனதுங்க." எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன அருமையான பையனைத் தயார் பண்ணியிருக்கிறேன்! முட்டையை அவனிடமே ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

நேரே காத்தவராயன் வீட்டுக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் எழுந்து உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் பேரை ஏன்யா சொல்லல?" என்று கேட்டேன். "சொல்லி இன்னாங்க பிரயோசனம்? ஆதிநாராயணன் ஐயா பொருள எடுத்தாரச் சொன்னாருன்னா எவன் நம்புவான்? உங்க பேரைச் சொன்னா பொய்யும் சேத்து சொல்றேன்னுடுவாங்க" என்றார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து வீரம்மாள் கொடுத்த டீயைக் குடித்தேன். டம்ளருக்கடியில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை.

இப்போது கோழிகள் கூண்டிலேயே முட்டையிடுகின்றன. சம்சாத் பேகம் வீட்டுக்கும் காத்தவராயன் வீட்டுக்கும் கமலம் கொடுத்தனுப்புகிறாள்; நான் எண்ணுவதில்லை. பூட்டையும் கழற்றிவிட்டேன். இனி இந்த ஜென்மத்தில் எவரையும் சந்தேகிப்பதில்லை என்று முடிவு செய்து, முதலாவதாகத் தங்களிடமே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். தாங்கள் தெரிந்தே சேவலைச் சேர்த்து அனுப்பவில்லை என்று முழுமனதாக நம்புகிறேன். வீட்டில் பெரியவர்களுக்கு என் நமஸ்காரம், குழந்தைகள் நோய்நொடியின்றிப் படித்து முன்னுக்கு வரட்டும், கறவைகள் பெருகட்டும்.

தங்கள் அன்புள்ள,
ஆதிநாராயணன்.

பி.கு: உறையில் பசை தடவிக் காயவைத்திருந்தபோது தபால்காரர் அந்தப் பக்கமாக வந்து, "சேத்தியாத்தோப்புக்கா?" என்று கேட்டார். விலாசம் எழுதிய பக்கம் கீழே இருந்தது. அவருக்கு எப்படித் தெரியும்? ஆகையால் உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன்; தபாலில் சேர்க்கவில்லை. வெள்ளிக்கிழமை பஸ்ஸில் நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். என் முன்னிலையில் படித்துவிட்டு என்னிடமே திருப்பிக் கொடுத்துவிடவும். நான் வருவது கமலத்துக்குத் தெரிய வேண்டாம். அதற்குள் அவளே தங்களுக்கு எழுதியிருந்தால், அந்தக் கடிதத்தையும் எடுத்து வைக்கவும்.